ஓரம் தூக்கிக்கிட்டு இருந்துச்சு

...தப்பாச் சொல்லிடுவேனோன்னுதான் பயமா இருக்கு. வேற ஒண்ணும் இல்ல. எனக்கு எப்பவுமே அப்படித்தான். வீட்டுல கிளம்பும்போது எல்லாம் வரிசையா கோத்து வெச்ச மாதிரி இருக்கும். ஆள் முன்னாடி போய் நின்னா வால் முதல்ல வரும், தலை கடைசியில வரும். நடுவுல உள்ளது வரவே வராது.

இங்க யாரும் வரலியே? அப்ப நான் உக்காந்துக்கறேன். அந்தக் கடைசி நாற்காலி ஒரு காலு ஆடுது, உக்காந்தா தூக்கிப் போடுது. உன் நம்பர் என்னம்மா? ஒம்பதா. நான் எட்டு. ஆறு இப்பத்தான் உள்ள போச்சு. நிறைய நேரம் இருக்கு.

நீன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. என் மூத்த பொண்ணு வயசுதான் இருக்கும் உனக்கு. முதல் தடவையா? தெரியுது. பையை மடியில வெச்சு அப்படிக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கே, யாரோ பிடுங்கிட்டுப் போற மாதிரி. நானும் அப்படித்தான் உக்காந்திருந்தேன். இதே நாற்காலி.

உன்கிட்ட ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கட்டுமா? இல்ல, பதினொரு மணிக்கு டாக்டரம்மா என்னைக் கூப்பிடுவாங்க. "முதல்ல இருந்து நிதானமா சொல்லுங்க, அந்த நர்ஸுப் பொண்ணையும் பக்கத்துல வெச்சுக்கிட்டே கேக்கறேன்"னு சொல்லியிருக்காங்க. ரெண்டு பேரையும் வெச்சு! எனக்கு நேத்துல இருந்து சோறு இறங்கல. நீ படிச்ச பொண்ணு மாதிரி இருக்கே. நான் அஞ்சாவதோட நின்னவ. கேட்டுட்டு எங்கயாவது இடிச்சா சொல்லு, சரி பண்ணிக்கறேன். பாட்டிலை இப்படிக் குடு, நான் வெச்சுக்கறேன், நீ அந்தத் தாளை எழுது. ஃபைலையும் குடு. அட குடும்மா, எத்தனையைத்தான் மடியில வெச்சுக்குவே?

முதல்ல என் மூஞ்சியைப் பாரு. கூச்சப்படாம பாரு. இந்த வலது கன்னம். எப்படி இருக்கு? கழுவிக் கவுத்து வெச்ச தட்டு மாதிரி இருக்கா? நானே தொட்டுத் தொட்டுப் பாக்கறேன்... இல்ல இல்ல, தொடறதில்ல. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். இப்ப இடது கன்னம். தாடைக்கு மேல. தெரியுதா? பாட்டில் மூடி அளவுக்கு, வட்டமா, கருகருன்னு? இதுக்கு முன்னாடி இருந்த கறுப்பெல்லாம் இதுக்குப் பக்கத்துல வெள்ளை.

இந்தக் கறுப்பு எப்படி வந்துச்சுங்கறதுதான் கேஸு.

அந்தக் கவுன்டர்ல உக்காந்து டோக்கன் கூப்பிடுதே ஒரு பொண்ணு... திரும்பாத! மீன்தொட்டியைப் பாக்கற மாதிரி மெதுவாப் பாரு. ஆமா, ரெட்டைச் சடை. அதுதான் எனக்கு மருந்து தடவின நர்ஸு. போன வாரம் வரைக்கும் உள்ள ரூம்ல இருந்துச்சு. இப்ப வெளியில உக்கார வெச்சுட்டாங்க. இன்னைக்கு நான் சொல்றதைக் கேட்டுட்டுத்தான் வேலையில வெச்சுக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாங்களாம். கூட்டிப் பெருக்கற அம்மா சொன்னாங்க. எனக்கு எதுக்கு அதைச் சொல்லணும்? நானா கேட்டேன்? சும்மா இருந்தவளைப் பிடிச்சு, "உங்க வாயிலதாம்மா இருக்கு அந்தப் புள்ளையோட பொழப்பு"ன்னுட்டு வாளியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க.

சரி. முதல்ல இருந்து.

எனக்கு மங்கு, மூஞ்சியில கறுப்பாப் படர்றது. சின்னவ வயித்துல இருக்கும்போது வந்துச்சு, அவளுக்கு இப்ப பத்தொம்பது ஆவுது, இன்னும் போகல. ரெண்டு கன்னம், மூக்கு மேல ஒரு பாலம். வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நல்ல பூச்சி! பறந்து போகவே தெரியாத பூச்சி. யார் யார் என்ன சொன்னாங்களோ எல்லாத்தையும் பூசிப் பாத்தேன். எங்க நாத்தனார் ஒரு களிம்பு குடுத்தா, மூணு நாள் தடவினேன், மங்கு அப்படியே இருந்துச்சு, புருவத்துல பாதி காணாமப் போச்சு. அவகிட்ட கேட்டா "அது கால் வெடிப்புக்கு அண்ணி, நான் சொல்லலியா?"ங்கறா. அதோட விட்டுட்டேன். இருந்துட்டுப் போகட்டும், இந்த மூஞ்சியைப் பாத்து யாரு என்ன பண்ணப் போறாங்கன்னு.

அப்புறம்தான் இந்தப் போட்டோ வந்துச்சு.

எங்க கம்பெனியில எல்லாருக்கும் புதுசா கார்டு குடுத்தாங்க, கழுத்துல மாட்டிக்கறது. போட்டோ எடுத்துட்டு வரச் சொன்னாங்க. போனேன். அந்த ஸ்டூடியோக்காரர் எடுத்துட்டு, "ரெண்டு நிமிஷம் இருங்கம்மா"ன்னு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தாரு. டிக் டிக்குனு எதையோ தட்டினாரு. கண்ணு முன்னாடியே மங்கு போகுதும்மா! அழுக்குத் துணியில சோப்புப் போட்ட மாதிரி. நான் கேக்கவே இல்ல, அவராவே துடைச்சுட்டாரு. கையில குடுத்தாரு பாரு... நான் பத்தொம்பது வயசுல எப்படி இருந்தேனோ அப்படி. காட்டறேன் இரு. இந்தா. பாத்தியா? நான்தான். சத்தியமா நான்தான்.

வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன். அவர் அதிகம் பேச மாட்டாரு. லிஃப்ட் ரிப்பேர் பாக்கறவரு. எங்க திருகு லூஸா இருக்கு, எங்க தகடு கழண்டிருக்கு, அது மட்டும்தான் அவர் கண்ணுக்குத் தெரியும். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல என் புடவையைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல, ஆனா செருப்பு வார் விட்டிருந்தா தெருக்கோடியில இருந்து கூப்பிட்டுச் சொல்லுவாரு. அந்த மனுசன் போட்டோவை வாங்கி, சட்டையில துடைச்சு, ரொம்ப நேரம் பாத்தாரு. "இவங்களை எங்கயோ பாத்திருக்கேன்"னாரு.

சிரிக்காத. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

மறுநாள் கேட்டுல வாட்ச்மேன் கார்டைப் பாக்கறாரு, என்னைப் பாக்கறாரு, திரும்பக் கார்டைப் பாக்கறாரு. "இது உங்க தங்கச்சியா? கார்டு அவங்களுதுன்னா அவங்கதான் வரணும்"ங்கறாரு. நான்தாங்கறேன். இல்லைங்கறாரு. பின்னாடி இருபது பேர் நிக்கறாங்க, ஷிப்டு மணி அடிச்சாச்சு. கடைசியில சூப்பர்வைசர் வந்து என் மூஞ்சியைக்கூடப் பாக்கல, "கையைக் காட்டும்மா"ன்னாரு. காட்டினேன். "நம்ம நகம்தான், விடுய்யா"ன்னுட்டாரு. அன்னையில இருந்து அந்த வாட்ச்மேனுக்குத் தினமும் இதே வேலை. "அக்கா வந்தாச்சு, தங்கச்சி எப்ப வருவாங்க?" வேற போட்டோ குடுங்கன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. எனக்கு மனசு வரல. போட்டோவை மாத்தறதுக்கு மூஞ்சியை மாத்திக்கலாமேன்னு தோணிச்சு. அப்படித்தான் இங்க வந்தேன்.

நகம்னா? அது என் பட்டப்பேரு. அதைச் சொல்லாம விட்டுட்டேனா? பாரு, இதுதான் நான் சொன்னது, நடுவுல உள்ளது வரவே வராது. ஆனா அது இதுல சம்பந்தப்படாது. அதைச் சொல்லக்கூட வேண்டாம்னுதான் நெனைச்சிருந்தேன்.

இல்ல, ஒண்ணுமில்ல, என் வேலை அது. லேபில் உரிக்கறது. கண்ணாடி ஜாடி, பாட்டில், எல்லாம் திரும்பி வரும்ல, அதைச் சுடுதண்ணியில ஊறப் போட்டு லேபிலை எடுக்கணும். அப்புறம் மெஷின்ல கோணலா ஒட்டினது, சுருக்கம் விழுந்தது, அதையும் உரிச்சுட்டுத் திரும்ப அனுப்பணும். இருபத்தி ரெண்டு வருஷமா அதே மேடை, அதே ஸ்டூல். புதுசா வர்ற பொண்ணுங்க பிளேடு வெச்சுச் சுரண்டும். நான் கைதான். ஓரத்துல நகத்தைக் குடுத்து, இப்படி... ஓரம் லேசாத் தூக்கினதும் ரெண்டு விரலால பிடிச்சு, மூச்சை அடக்கிக்கிட்டு, ஒரே இழுப்பு. வேகமா இழுத்தா கிழியும், மெதுவா இழுத்தா பசை தங்கிடும். நடுவுல ஒரு வேகம் இருக்கு, அது விரலுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. முழுசா வரும். மடிப்பு இல்லாம. வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா எழுத்துகூடப் படிக்கலாம். மேனேஜரு வெளியாளுங்களைக் கூட்டிட்டு வந்தா என் மேடைக்குத்தான் கூட்டிட்டு வருவாரு. இந்த வேலையில என்னை ஜெயிச்சது ஒண்ணே ஒண்ணுதான். எரியற திராவகம் வர்ற ஜாடிக்கு மூடியைச் சுத்தி ஒரு மஞ்சள் டேப்பு ஒட்டியிருப்பாங்க. அதை உரிக்கவே முடியாது. நகம் போனதுதான் மிச்சம். அதைப் பாத்தா கும்பிட்டுட்டு ஒதுக்கி வெச்சுடுவேன்.

அதை விடு. வேலைக்கும் மூஞ்சிக்கும் என்ன சம்பந்தம்?

டாக்டரம்மா நல்லவங்க. விளக்கு வெச்சு, பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தாங்க. ஒரு மருந்து தடவுவோம், அது திராவகம் மாதிரிதான், ஆனா லேசா, மேல் தோல் நாலஞ்சு நாள்ல காய்ஞ்சு தானா உரியும், உள்ள இருந்து நல்ல தோல் வரும், மாசத்துக்கு ஒண்ணா ஆறு தடவை, அப்படின்னாங்க. "உரிக்கறதுதான் வைத்தியம்னா என்னை எதுக்கு இவ்வளவு தூரம் வரவெச்சீங்க, நானே உரிச்சுக்குவேனே"ன்னேன், தமாசுக்கு. அவங்க சிரிக்கல. பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க. "தானா விழற தோலை நீங்க இழுத்தீங்கன்னா உள்ள புண்ணாகி, இருந்ததைவிடக் கறுப்பா கறை ஏறிடும். கை வெச்சீங்கன்னு தெரிஞ்சா அடுத்த தடவை தடவ மாட்டேன், அதோட நிறுத்திடுவேன்"னாங்க. எவ்வளவு கண்டிப்பு பாரு! ஒரு கன்னம் பளபளன்னு, ஒரு கன்னம் கரிச்சட்டியா நடுவுல நிறுத்தினா நான் எந்தக் கேட்டுல போய் நிக்கறது? பாதி அக்கா, பாதி தங்கச்சியா?

ஆங்... ஆறு வெளிய வந்துடுச்சு. ஏழு போகுது. சீக்கிரம் சொல்லிடறேன்.

அப்புறம் உள்ள ரூம். இந்த ரெட்டைச் சடைதான் படுக்க வெச்சுது. கண்ணுக்கு ஈரப் பஞ்சு. உதட்டு ஓரம், மூக்கு ஓரம், எல்லாம் வழவழன்னு எதையோ தடவிச்சு, மருந்து அங்கெல்லாம் இறங்கக் கூடாதாம். நீ பயப்படாத, உனக்கும் அப்படித்தான் செய்வாங்க. பிரஷ்ஷால நெத்தியில ஆரம்பிச்சு... எறும்பு! ஆயிரம் எறும்பு மூஞ்சி மேல ஊர்வலம் போகுது. "எரியுதாம்மா, பத்துக்கு எத்தனை?"ங்குது அந்தப் பொண்ணு. "பன்னெண்டு"ங்கறேன். ஒரு கையால விசிறிக்கிட்டே இருந்துச்சு. இன்னொரு கையால என் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

சரி, இங்கதான் நீ கவனமாக் கேக்கணும். இதுதான் டாக்டரம்மா கேக்கப் போறது. எவ்வளவு நேரம் வெச்சிருந்தான்னு. ரெண்டு நிமிஷம்தான் வெக்கணுமாம். அவ அஞ்சு நிமிஷம் வெச்சா.

என்ன பாக்கறே? அஞ்சு ஜாஸ்தியா இருக்கா? சரி, நாலுன்னு வெச்சுக்க. எரியும்போது நேரம் என்ன தெரியுது? மூணாவது இருக்கும். கோழி மாதிரி ஒரு சின்னக் கடிகாரம் வெச்சிருந்தா, திருகி விட்டா ஓடி மணி அடிக்கும். மணி அடிச்சதும் தண்ணியை ஊத்தித் துடைச்சுட்டா. அது சரி. ஆனா அந்தக் கோழியே லேட்டா அடிச்சிருக்கலாம்ல? கோழிதானே?

இதுவும் இடிக்குதா.

நெசத்துல மணி அடிக்கறதுக்கு முன்னாடியே துடைச்சுட்டா. நான் பன்னெண்டுன்னு சொன்னேன்ல, பாவம்னு அஞ்சு நொடி முன்னாடியே எடுத்துட்டா. கோழி அப்புறம்தான் அடிச்சுது. அதை ஞாபகம் வெச்சிருக்கேன் பாரு. ஏன்தான் எல்லாம் ஞாபகம் இருக்கோ.

முடிஞ்சதும் ஒரு தாள் குடுத்துச்சு. என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாதுன்னு. வெயில் கூடாது, ஆவி கூடாது, தேய்க்கக் கூடாது. நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன்னு அது பாத்துடுச்சு. ஒண்ணும் சொல்லாம, பக்கத்துல உக்காந்து தானே படிச்சுக் காட்டுச்சு. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. என்னையும் திருப்பிச் சொல்லச் சொல்லிச்சு. அப்புறம் தாளைத் திருப்பி, பின்னாடி ஒரு மூஞ்சி வரைஞ்சு, மூஞ்சி மேல ஒரு கையை வரைஞ்சு, அந்தக் கை மேல பெருசா ஒரு பெருக்கல் குறி போட்டுச்சு. கையில நகம்கூட வரைஞ்சிருந்துச்சு. அதை எங்க வீட்டு மூஞ்சிக் கண்ணாடியிலேயே ஒட்டி வெச்சேன்.

முதல் நாள் மூஞ்சி சிவப்பா இருந்துச்சு. ரெண்டாம் நாள் இறுக்கிப் பிடிச்சுது, சிரிக்க முடியல, எங்க வீட்டுல யாரும் சிரிக்க வெக்கறதில்ல, அதனால கஷ்டம் இல்ல. மூணாம் நாள் வாய்க்கு ரெண்டு பக்கமும் தூள் தூளா உதிர ஆரம்பிச்சுது. நாலாம் நாள் லீவு. உச்சி வெயில், வெளிய போகக் கூடாது, வீட்டுலயே இருந்தேன். நாலாம் நாள் தோலு... தானா... உரிஞ்சு வந்துடுச்சு. அவ்வளவுதான். உரிஞ்சு வந்த இடம் ரோசா நிறமா இருந்துச்சு, அப்புறம் பழுப்பாச்சு, அப்புறம் இப்படி. அதனால அவ மருந்தை அந்த இடத்துல மட்டும் ஜாஸ்தியாத் தடவிட்டா. முடிஞ்சுது. இப்படிச் சொன்னாச் சரியா இருக்குமா?

ஏன் அங்கயே பாக்கறே? என் கையில என்ன?

ஐயையோ. உன் பாட்டிலா இது?

மன்னிச்சுக்கம்மா. எப்ப உரிச்சேன்? ...ஆனா பாரு, ஒரு கிழிசல் இல்ல. முழு லேபில். நான் ஒண்ணும் வேணும்னு பண்ணல, ஓரம் தூக்கிக்கிட்டு இருந்துச்சு. ஓரம் தூக்கியிருந்தா என் கைக்கு... நான் பேசிக்கிட்டுத்தான் இருந்தேன், நீயே பாத்தே, கை தனியா... அது பாட்டுக்கு...

அப்படிப் பாக்காத. சரி. ஆமா.

ஆமாம்மா.

கண்ணாடி முன்னாடி நிக்கவே கூடாதுன்னுதான் இருந்தேன். கண்ணாடி மேல ஒரு துண்டைப் போட்டு வெச்சிருந்தேன். கையைச் சும்மா விடக்கூடாதுன்னு வீட்டுல இருந்த எல்லா டப்பா லேபிலையும் உரிச்சேன். இப்ப எங்க அடுப்படியில எதுல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. அப்படியெல்லாம் பாத்துப் பாத்து இருந்தேன். அந்த மனுசன் தண்ணி குடிக்க வந்தவரு, என் மூஞ்சியைப் பாத்தாரு. நாலு நாளாப் பாக்காத மூஞ்சியை அன்னைக்குப் பாக்கணுமா? குனிஞ்சு, நல்லாப் பாத்துட்டு, "இந்தப் பக்கம் ஓரம் தூக்கிக்கிட்டு இருக்கு"ன்னுட்டு தண்ணியைக் குடிச்சுட்டுப் போயிட்டாரு.

சொல்லிட்டுப் போயிட்டாரும்மா. லூஸா இருந்தா சொல்றது அவர் வேலை. தூக்கியிருந்தா இழுக்கறது என் வேலை. குடும்பமே இப்படி.

துண்டை எடுத்தேன். தூக்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அந்த வரைஞ்ச கை கண்ணு முன்னாடி ஒட்டியிருக்கு, பெருக்கல் குறியோட. ஒண்ணும் பண்ண மாட்டேன், ஓரத்தை அமுக்கி மட்டும் விடறேன்னுதான் நகத்தை வெச்சேன். அமுக்கினேன். திரும்பத் தூக்கிச்சு. திரும்ப அமுக்கினேன். மூச்சை அடக்கினது எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் தெரியாது.

ஒரே இழுப்பு. தாடையில இருந்து கன்னம் வரைக்கும். கிழியல.

சொல்லவே வெக்கமா இருக்கு... ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன். முழுசா வந்திருக்கான்னு. வந்திருந்துச்சு. ஒரு நிமிஷம் சந்தோசமாக்கூட இருந்துச்சு. அப்புறம்தான் எரிஞ்சுது. பத்துக்கு எத்தனைன்னு கேக்க ஆள் இல்ல.

போன வாரம் இங்க வந்தேன். டாக்டரம்மா பாத்ததும் கேட்டாங்க, "கை வெச்சீங்களா?" இல்லைன்னேன். அது பொய்யின்னு நெனைச்சுச் சொல்லல, பயத்துல வந்துடுச்சு. "அப்ப எப்படி ஆச்சு?"ன்னாங்க. என் கண்ணுதான் அந்தப் பொண்ணு பக்கம் போச்சு. கண்ணு போனதைப் பாத்து, "நேரம் ஜாஸ்தி வெச்சுட்டாளா?"ன்னு அவங்களே கேட்டாங்க. நான் தலையை ஆட்டினேன். இப்படிக்கூட இல்ல, லேசா, இப்படி. ஒரு விரக்கடைகூட அசைஞ்சிருக்காது. அதுக்கே வெளிய உக்கார வெச்சுட்டாங்க.

அந்தப் பொண்ணு என் கையைப் பாத்துச்சு. நகத்தை. அதுக்குத் தெரியும்மா. இந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு விசிறினவதானே, தெரியாதா? தெரிஞ்சும் சொல்லல. இன்னைக்கு வந்ததும் "வாங்கம்மா, எட்டாம் நம்பர், உக்காருங்க"ன்னுச்சு. "வாங்கம்மா"ன்னு என்னத்துக்குச் சொல்லணும்? கோபமா ஒரு பார்வை பாத்திருந்தா எனக்கு எவ்வளவு வசதியா இருந்திருக்கும்!

உண்மையைச் சொன்னா எனக்கு அடுத்த அஞ்சு தடவை கிடையாது. தங்கச்சி போட்டோவிலேயே இருந்துட வேண்டியதுதான். சொல்லலேன்னா அந்தப் புள்ள கோழிக் கடிகாரத்தை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அது மட்டும் இல்ல, மருந்து ஜாஸ்தின்னு நான் சொன்னா, டாக்டரம்மா அதை நம்பி வேற என்னமோ மாத்தித் தடவி, இந்தப் புண்ணு மேலயே போட்டு, இன்னும் என்ன ஆகுமோ! உள்ள போய் எதை முதல்ல சொல்றது, சொல்லேன்? போட்டோவில இருந்தா? மங்குல இருந்தா? இல்ல கோழியில இருந்து...

எங்க எழுந்திரிச்சுட்டே? ஏழு இன்னும் வெளிய வரலியே. மீன் பாக்கவா? அந்தத் தொட்டியில ஒரே ஒரு மீனுதான், அதுவும் சுவரைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கும்... சரி, போ. பாட்டிலை எடுத்துக்க. ஃபைலு... இந்தா. ஒழுங்கா எழுதிக் குடு. அவங்க சொல்றதைக் கேளு. என்னை மாதிரி இல்லாம!

...போயிட்டா. அவளும் எவ்வளவு நேரம்தான் கேப்பா.

இது என்ன விரல்ல? ஒம்பது. ஐயோ, அந்தப் பொண்ணு ஃபைல்ல ஒட்டியிருந்த நம்பரு! இதையுமா? நம்பர் இல்லாம எப்படிக் கூப்பிடுவாங்க அவளை?

போச்சு. இப்பக் கவுன்டருக்குத்தான் போயாகணும்.

...பாப்பா. இந்தாம்மா, ஒம்பதாம் நம்பர். அந்த மீன்தொட்டிகிட்ட நிக்குதே, அந்தப் பொண்ணோடது. கிழியல, திரும்ப ஒட்டிக்கலாம். ஆமா, நான்தான். ஓரம் தூக்கிக்கிட்டு இருந்துச்சு.

என்ன சிரிக்கிறே? சிரி. ஒரு வாரம் ஆச்சு நீ சிரிச்சு, எனக்குத் தெரியும்.

எட்டா? வந்துடறேன், இரு, அதுக்கு முன்னாடி ஒண்ணு. இந்தப் பையைத் திற. துணிக் கையுறை இருக்கா, ஒரு ஜோடி? அதுக்கு அடியில ஒரு சுருள் டேப்பு, மஞ்சள் கலர். சூப்பர்வைசர்கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன். நாலு நாளாப் பையிலேயே கிடக்கு. வேலையில இருக்கும்போது பயமில்ல, கைக்கு லேபில் இருக்கும். வீட்டுலயும், இங்கயும்தான் வெறும் கை. காலையில இருந்து இந்தக் கறுப்புக்குப் பக்கத்துல திரும்ப ஒரு ஓரம் தூக்கியிருக்கு, பாரு. பாத்துட்டியா? நான் பாக்கல. பாக்கவே மாட்டேன். உள்ள போய் டாக்டரம்மா கண்ணைப் பாத்தா எனக்குப் படபடன்னு வரும், படபடன்னு வந்தா கை தனியாப் போயிடும். அதனால முதல்ல மாட்டி விடு. ரெண்டு கையிலயும். மணிக்கட்டைச் சுத்தி டேப்பை ஒட்டு. அதை என்னால உரிக்க முடியாது, இருபத்தி ரெண்டு வருஷமாப் பாத்தாச்சு. இது ஆறி முடியற வரைக்கும் வீட்டுல இருக்கும்போது இப்படித்தான் இருக்கப் போறேன். சோறு அந்த மனுசன் ஊட்டி விடட்டும், சொன்னார்ல, ஓரம் தூக்கியிருக்குன்னு!

நீயும் கூட வா உள்ள. பக்கத்துலயே நில்லு. என்ன சொல்லப் போறேனா? நான்தான் உரிச்சேன்னு. அதைத்தான் முதல்ல சொல்லப் போறேன். வால்தான், பரவாயில்ல, இன்னைக்கு வாலே முதல்ல வரட்டும். தலை அப்புறம் வந்தா வருது. அடுத்த தடவை தடவுறாங்களா இல்லையான்னு அவங்க சொல்லட்டும். போட்டோவை ஆபீஸ்ல மாத்திக் குடுத்துடறேன், வாட்ச்மேனுக்குத்தான் பொழுது போகாது.

சுத்து... இன்னும் ஒரு சுத்து. அந்தக் கையிலயும். இறுக்கமாத்தான் இருக்கு, பத்துக்கு ரெண்டு. முடிக்கற இடத்துல ஓரத்தை நல்லா அழுத்து, பாப்பா. நல்லா. கொஞ்சம்கூடத் தூக்காம.